தினமும் ஒன்றரை மணி நேரம் செத்துப்போகும் சுவிட்சுகள்

பலாபத்வலையில், ஏ-ஒன்பது வீதியோரம், ஒரு காலத்தில் மிளகும் சாதிக்காயும் மூட்டை மூட்டையாக அடுக்கிக் கிடந்த பழைய கட்டடத்தின் முன்னால் ஸுஹைலின் த்ரீவீலர் மூன்று தடவை இருமிவிட்டு நின்றது. அப்போது காலை பத்தே முக்கால்.

"எறங்குங்கக்கா. வண்டி இதுக்கு மேல போகாது."

"இதுக்கு மேல போக வேணாம். வர வேண்டிய இடமே இதுதான்."

"அதத்தான் வண்டியும் சொல்லுது. எனக்கு முந்தி அதுக்கு வெளங்கிடுது."

பாலாமணி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினாள். ஐம்பத்தெட்டு வயது. மாத்தளை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தாறு வருடம் ஊருலகத்துக் குரல்களையெல்லாம் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டவள். ஓய்வு பெற்ற பிறகு, கணவர் மாடசாமியின் துப்பறியும் நிலையத்தில் தேநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டே பாதி வழக்குகளைத் தீர்த்து வைத்தாள். மாடசாமி போய் மூன்று வருடமாகிறது. போர்டில் இன்னும் அவர் பெயர்தான். யாராவது வந்து "மாடசாமி ஐயா இருக்காங்களா?" என்று கேட்டால், "வெளிய போயிருக்காங்க, விசயத்த சொல்லுங்க" என்பாள். அதில் பொய் ஒன்றும் இல்லை என்பது அவள் கட்சி.

ஸுஹைல் நாற்பதைத் தாண்டியவன். வண்டி ஓட்டுவதற்கும் உதவி செய்வதற்கும் சம்பளம் வாங்குகிறான். வாயடிப்பதை மட்டும் இலவசமாகச் செய்கிறான்.

மாடியில் முதலாளி ஜைனுதீன் ஹாஜியார் காத்திருந்தார். மேசையில் ஒரு கடிதம். அதன் மேல் ஒரு பேனா. பேனாவைப் பார்ப்பதும் முகத்தைத் திருப்புவதுமாக இருந்தார் மனிதர்.

"இந்தக் கட்டடத்தில எங்கட வாப்பா மொளகு வெச்சீந்தாரு" என்றார். "நான் டேட்டா வெச்சீக்கிறேன். மொளகு மழைக்கு மட்டுந்தான் பயந்திச்சு. இது எல்லாத்துக்கும் பயப்படுது. கலேவெல மரக்கறிக்காரங்கட விலைப் பட்டியல், பஸ் சீட் புக்கிங், ரெண்டு கிளினிக்கிட நம்பர், எல்லாம் கீழ ஈக்கிற கம்பியூட்டர் பொட்டிகளுக்குள்ளதான். அஞ்சு நாளா ஒவ்வொரு நாளும் விழுந்து எழும்புது. ஒரு நாளைக்கு காலையில. ஒரு நாளைக்கு பின்னேரம். ஆனா எப்பயும் சரியா ஒன்றரை மணி நேரம்."

"நேத்து கலேவெலயில கத்தரிக்கா வெல ஒன்றரை மணி நேரம் யாருக்குமே தெரியல" என்றான் ஸுஹைல். "எங்கட மச்சான் சும்மா ஒரு வெல சொல்லி வித்துட்டு வந்துட்டாரு. நல்ல லாபமாம்."

"அப்ப ஒங்கட மச்சானத்தான் முதல்ல பிடிக்கணும்" என்று ஹாஜியார் சிரிக்காமல் சொன்னார்.

பக்கத்தில் நின்ற முகாமையாளர் தர்மேந்திரன் தொண்டையைச் செருமினார். மடிப்புக் கலையாத சட்டை. மூக்குக் கண்ணாடியில் மட்டும் கட்டைவிரல் ரேகைகள் வரிவரியாகப் படிந்து, அவர் உலகத்தையே மூடுபனிக்குள்ளிருந்து பார்ப்பவர் போல இருந்தார்.

"மேடம், நான் டேட்டாவ மட்டும்தான் நம்புறவன். வாசல்ல செக்கியூரிட்டி கட்டியிருந்த எலுமிச்சம்பழம், மிளகாயக்கூட நான்தான் கழட்டி எறிஞ்சேன். இது சுதர்ஷினி செஞ்ச நாசவேலை. கம்பியூட்டர்களுக்கு நடுவில டேட்டா கடத்துற சுவிட்சுகளப் பார்க்கிற எஞ்சினியர் அவங்கதான். இந்தாங்க அத்தாட்சி."

அச்சடித்த தாள்கள் இரண்டு. முதல் தாளில் ஒரு வரிக்குச் சிவப்புக் கோடு போட்டிருந்தது.

"பிழைதிருத்தம். நிறுத்தப்பட்டுள்ளது. அவங்க கையால, போன வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை முதல் தடவையா விழுந்துச்சு. யாராவது வேணும்னே பிழை திருத்துறத நிறுத்துவாங்களா? சனிக்கிழமையே பாஸ்வேர்ட புடுங்கிட்டேன். அப்பவும் நிக்கல. உள்ளுக்குள்ள ஏதோ எழுதி ஒளிச்சு வச்சிருக்காங்க."

"லுஹர் தொழுதுட்டு வந்து இதில கையெழுத்து வெக்கணும்" என்று ஹாஜியார் கடிதத்தைக் காட்டினார். "நாசவேலைன்னு எழுதி வேலையில ஈந்து நிப்பாட்டினா, அந்தப் புள்ளைய இனி எந்த இடத்திலயும் ஒரு வயர தொட விடமாட்டாங்க. இருவத்தொம்பது வயசு. மனசு கேக்கல்ல. அதுதான் ஒங்கள வரச் சொன்னேன். மாடசாமி ஐயா வரல்லையா?"

"வெளிய போயிருக்காங்க" என்றாள் பாலாமணி. இரண்டாவது தாளைப் புரட்டினாள். சிவப்புக் கோடு எதுவும் இல்லாத தாள். அதில்தான் அவளுடைய கண் நின்றது.

"தம்பி, இந்தப் பக்கத்த வாசிச்சீங்களா?"

"முக்கியமானது முதல் பக்கத்திலயே இருக்கே மேடம்."

"எக்ஸ்சேஞ்சில இருந்தப்ப, லைன் இரைச்சலா இருந்தா நாங்க பேர மட்டும் சொல்லமாட்டோம். 'ரட்ணம். ரம்பைக்கு வர்ற ர'ன்னு சேர்த்துச் சொல்லுவோம். பாதி காதுல விழாட்டியும் கேக்குறவங்க சரி பண்ணிக்குவாங்க. பிழைதிருத்தம்னா அவ்வளவுதான். கொஞ்சம் கூடுதலாச் சொல்றது. ஆனா ரெண்டு பக்கமும் ஒரே வழக்கத்துக்கு ஒத்துக்கணும். ஒருத்தி ரம்பை ரம்பைன்னு சொல்ல, அந்தப் பக்கம் இருக்கிறவ அப்படி ஒரு பழக்கமே தெரியாதவன்னா?"

"கறிக்குப் போட ஒரு பார்சல் ரம்பை இலை அனுப்பி வைப்பா" என்றான் ஸுஹைல்.

"பேச்சே நடக்காது. இங்க பாருங்க, இது ரெண்டு சுவிட்சுக்கு நடுவில போற ரெண்டு முழ வயர். இரைச்சலுக்கே இடமில்லாத நீளம். அந்தப் பொண்ணு ரெண்டு முனையிலயும் நிறுத்தியிருக்கா. ரெண்டாம் பக்கத்தில இருக்கு. ஒரு முனையில மட்டும் நிறுத்தியிருந்தா, அந்த வயர் அன்னைக்கே ஊமையாயிருக்கும். தினமும் ஒன்றரை மணி நேரம் மட்டும் கோவிச்சுக்கிட்டு, அப்புறம் சமாதானமாகாது."

தர்மேந்திரன் இரண்டாம் பக்கத்தை வாங்கி, கண்ணாடிக்கு நான்கு அங்குல தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதால அவ நிரபராதின்னு ஆகாதே."

"ஆகாது. உங்க அத்தாட்சி அத்தாட்சி இல்லன்னு மட்டும்தான் ஆகும். விழுந்த நேரமெல்லாம் எழுதின பட்டியல் ஒண்ணு குடுங்க."

அதை வாங்கி மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினாள்.

சுதர்ஷினி பின்பக்கத்துச் சமையலறையில் ஒரு கோப்பை பிளேன்டியை ஆறவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்து, முகம் கழுவி, இனி சண்டை போடலாம் என்று முடிவு செய்தவளின் முகம்.

"ஆன்ட்டி, நான் செய்யல. அங்கிள், நீங்களாவது சொல்லுங்க."

"நான் எப்ப அங்கிள் ஆனேன்?" ஸுஹைல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். "அக்கா, இந்தப் புள்ளதான் குற்றவாளி. வாங்க போவோம்."

பாலாமணி அவனைப் பார்த்த பார்வையில் அவன் கதிரையில் உட்கார்ந்துவிட்டான்.

"நீ செய்யலன்னா, என்ன நடக்குதுன்னு உனக்குத் தெரியுமா?"

"கொஞ்சம் தெரியும். சுவிட்சுகளுக்கு நடுவில சுத்துப்பாதை இருந்தா, ஒரு செய்தி உள்ள போய் சுத்திக்கிட்டே இருக்கும் ஆன்ட்டி. வெளிய வரத் தெரியாது. சுத்தச் சுத்த ரெண்டாகும், நாலாகும், எல்லாத்தையும் அடைச்சிடும்."

"எங்கட சாச்சா சொல்ற கதை மாதிரி" என்றான் ஸுஹைல்.

"அப்படி ஆகாம இருக்கிறதுக்கு ஸ்பேனிங் ட்ரீன்னு ஒரு ஏற்பாடு இருக்கு. எல்லா சுவிட்சும் சேர்ந்து ஒரு தலைவரத் தெரிஞ்செடுக்கும். தலைவர்கிட்ட போறதுக்கு ஆளுக்கு ஒரு நல்ல வழிய வச்சுக்கிட்டு, மிச்ச வழிய மூடிடும்."

"தலைவர எப்படித் தெரிஞ்செடுக்கிறது? வோட்டா?"

"நாம ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர் குடுக்கலாம். யாருக்குச் சின்ன நம்பரோ அவர்தான் தலைவர்."

"நீ எந்த சுவிட்சுக்குச் சின்ன நம்பர் குடுத்த?"

சுதர்ஷினி பிளேன்டியைப் பார்த்தாள்.

"எதுக்கும் குடுக்கல ஆன்ட்டி. கம்பனியில இருந்து வந்த நம்பர அப்படியே விட்டுட்டேன். அடுத்த வாரம் செய்வோம், அடுத்த வாரம் செய்வோம்னு ஒன்றரை வருசமாச்சு. எல்லாம் சமமா இருந்தா, பொட்டி செய்யும்போதே உள்ள எழுதி வர்ற முகவரி எதுக்குச் சின்னதோ அது தலைவராயிடும். முக்காவாசி அது பழைய பொட்டியாத்தான் இருக்கும்."

"மூத்தவருக்கு மரியாத" என்றான் ஸுஹைல். "இத செஞ்சவன் நம்ம ஊர் ஆளாத்தான் ஈக்கணும்."

"சுவிட்சுகள் தானா எழுதி வைக்கிற லொக்கில வெள்ளிக்கிழமை பார்த்தேன். எங்க பட்டியல்லயே இல்லாத ஒரு சுவிட்ச் எங்கிருந்தோ வந்து தலைவராகுது. ஒன்றரை மணி நேரம் ஆட்சி. அப்புறம் ஆளே இல்ல. ரொம்பப் பழைய முகவரி. சனிக்கிழமையும் அதேதான்."

ஸுஹைல் கதிரையை இன்னும் கொஞ்சம் பாலாமணியின் பக்கமாக நகர்த்திக்கொண்டான். "பேய்."

"எந்த வழியா வருது?"

"ரெண்டு பெரிய சுவிட்சிலயும் வயர் குத்துற நாப்பத்தேழாம் ஓட்டை வழியா. அது மேல் மாடி அறைகள்ல ஒண்ணுக்குப் போகுது. எந்த அறைன்னு எழுதின கொப்பி உள்ள இருக்கு. பார்க்கிறதுக்குள்ள சாவியையும் பாஸ்வேர்டையும் வாங்கிட்டாங்க."

"இத ஏன் ஹாஜியார்கிட்ட சொல்லல?"

"நம்பர் குடுக்காம விட்டது என் பிழைதானே. சொன்னா அதுக்கும் சேர்த்து ஒரு கடிதம் வரும்."

பாலாமணி எழுந்தாள். ஒரு கேள்வி கேட்டு முடித்ததும் மாடசாமி பக்கத்தில் மெல்லச் செருமுவார். அடுத்த கேள்விக்குப் போகலாம் என்று அர்த்தம். அந்தச் செருமலுக்கு அவள் இன்றும் ஒரு விநாடி இடம் விடுவாள். விட்டாள். பிறகு, "வா ஸுஹைல், வாசலுக்குப் போவோம். உள்ள வர்ற சாமானெல்லாம் அங்க தெரிஞ்சிருக்கும்" என்று நடந்தாள்.

வாசலில் செக்கியூரிட்டி அழகமுத்துவின் கூண்டு. மனிதர் இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். நெற்றி நிறைய விபூதி. ஜன்னல் கம்பியில், வாசலிலிருந்து துரத்தப்பட்ட எலுமிச்சம்பழமும் மிளகாயும் அகதிகளைப் போலத் தொங்கின. சுவரில் ஒரு நகைக்கடை நாட்காட்டி, நாளுக்கொரு தாள் கிழிக்கிற வகை.

"அண்ணே, இந்த ஒரு வாரத்தில பழைய பொட்டி, மிஷின் ஏதும் உள்ள வந்துச்சா?"

"ஒரு ஊசிகூட வரலம்மா. எல்லாம் எழுதித்தான் விடுறேன்."

அப்படியானால் பேய் உள்ளேயே குடியிருக்கிறது. பாலாமணி அதை யோசித்துக்கொண்டே நாட்காட்டியைப் பார்த்தாள். வியாழக்கிழமை என்றது அது. தாளின் அடியில் வழக்கமான சின்ன எழுத்துகள்: நல்ல நேரம், எமகண்டம், ராகு காலம் ஒன்று முப்பதிலிருந்து மூன்று.

ஒன்றரை மணி நேரம்.

அவள் கைப்பையைத் திறந்து பட்டியலை எடுத்தாள். அதைத் தன் பக்கமாகவே பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"அண்ணே, நேத்து செவ்வாய். எப்பலருந்து எப்ப வரைக்கும்?"

"மூணுலருந்து நாலரை" என்றார் அழகமுத்து, என்ன ஏதென்று கேட்காமலே.

"திங்கள்?"

"ஏழரை ஒம்போது."

"ஞாயிறு?"

"நாலரை ஆறு. சனி ஒம்போது பத்தரை. வெள்ளி பத்தரை பன்னெண்டு. இதெல்லாம் ஒரு கேள்வியாம்மா?"

ஒன்றுகூடப் பிசகவில்லை. ஸுஹைல் பாய்ந்து அழகமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா! ஆள் இவருதான்! பட்டியல பார்க்காமலே சொல்றாரு! அஞ்சு நாளும் விழுந்த நேரம் அத்தனையும்!"

"அட கைய விடுப்பா! இது ராகு காலம்! மாத்தளையில பால் குடிக்கிற புள்ளைக்கும் தெரியும்!"

"எங்கட வீட்டுல பால் குடிக்கிற புள்ளைக்கு தெரியாதே."

"அதுக்கு நானா பொறுப்பு?"

பாலாமணி சிரித்துவிட்டாள். "விடு ஸுஹைல். மனப்பாடமாத் தெரிஞ்சவர் இவர். நாம தேடுற ஆளு வேற." நாட்காட்டியைச் சுட்டிக் காட்டினாள். "அண்ணே, இன்னைக்கு புதன்கிழமை. உங்க காலண்டர் ஏன் வியாழன்னு சொல்லுது?"

அழகமுத்துவின் முகம் வாடியது.

"அத ஏம்மா கேக்குறீங்க. போன வெள்ளியிலருந்து நான் நாளைக்கேதான் வாழ்ந்துக்கிட்டிருக்கேன். காலையில வந்ததும் வராததுமா மெனேஜர் ஐயா அன்னைக்குத் தாள கிழிச்சிக்கிட்டு போயிடுறாரு. ஞாயித்துக்கிழமைகூட லீவ விட்டுட்டு வந்து கிழிச்சாரு. முந்தாநாள் விடிஞ்சும் விடியாம ஆறரைக்கே வந்தாரு."

"எதுக்காம்?"

"மூக்குக்கண்ணாடி தொடைக்க."

பாலாமணிக்கு அந்த மூடுபனிக் கண்ணாடி நினைவுக்கு வந்தது. ஆறு நாள் ஆறு தாளால் துடைத்த கண்ணாடியா அது? ரேகைகளை எண்ணினால் அவர் போன பொங்கலுக்குத் துடைத்திருப்பார்.

"நேரம் என்ன?"

"பன்னெண்டாக எட்டு நிமிசம்" என்றான் ஸுஹைல். "இன்னைக்கு ராகு எப்ப வாறாரு?"

"புதன் பன்னெண்டுலருந்து ஒன்றரை" என்று அழகமுத்து ஒப்பித்தார்.

"ஓடு."

ஓடினார்கள். பாலாமணி ஓடவில்லை, எக்ஸ்சேஞ்சில் பணி மாறும் மணி அடித்தால் நடப்பாளே, அந்த நடை. வழியில் சமையலறை வாசலில் நின்று, "சுதர்ஷினி, வா" என்று ஒரே சொல்லில் கூப்பிட்டாள். மாடியேறும்போது, எதிரில் ஹாஜியார் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வந்தார்.

"ஜமாஅத்துக்கு இன்னம் நேரம் ஈக்குதா ஹாஜியார்?" என்று ஸுஹைல் மூச்சிரைக்கக் கேட்டான்.

"பன்னெண்டரைக்குத்தானே."

"அப்ப ஒரு பதினஞ்சு நிமிஷம் எங்களுக்குத் தாங்க" என்றாள் பாலாமணி.

நாலு பேரும் நடைபாதையில் நின்றார்கள். தர்மேந்திரனின் அறைக் கதவு மூடியிருந்தது. கடிகாரம் பன்னிரண்டு அடித்தது. கீழே யாரோ "ஐயோ, போச்சு" என்றார்கள். ஹாஜியாரின் சட்டைப் பையில் தொலைபேசி நடுங்கத் தொடங்கியது. கிளினிக்காக இருக்கும். அல்லது கத்தரிக்காய்.

பாலாமணி கதவைத் தட்டினாள்.

"மீட்டிங்ல இருக்கேன்" என்றது உள்ளிருந்து குரல்.

"யாரோட சார்?" என்றான் ஸுஹைல். "ராகுவோடயா?"

உள்ளே ஏதோ விழுந்தது.

"தம்பி தர்மேந்திரன்" என்றார் ஹாஜியார். "கதவத் தொறங்க."

கதவு திறந்தது. தர்மேந்திரன் தன் மேசையின் கடைசி லாச்சியை முழங்காலால் தள்ளி மூடப் பார்த்துக்கொண்டிருந்தார். லாச்சி மூடவில்லை. இரண்டு வயர்கள் அதிலிருந்து புறப்பட்டு, சுவரிலிருந்த இரண்டு ஓட்டைகளுக்குள் போயிருந்தன. பாலாமணி குனிந்து லாச்சியை இழுத்தாள்.

உள்ளே, ஒரு புதுத் துவாயை விரித்து அதன் மேல் உட்கார்த்தி வைத்த சுவிட்ச். பழுப்பேறிய பழசு. நெற்றி என்று சொல்லக்கூடிய இடத்தில் ஒரு சந்தனப் பொட்டு. இரண்டு பச்சை விளக்குகள் கண் சிமிட்டின.

"இது இந்த இடத்துக்கு முதன்முதலா வாங்கின சுவிட்ச்!" என்றாள் சுதர்ஷினி. "ஸ்டோர்ல தூக்கிப் போட்டதுதானே? பன்னெண்டு வருசப் பழசு!"

தர்மேந்திரன் கதிரையில் சரிந்தார். கண்ணாடியைக் கழற்றினார். கழற்றிய பிறகுதான் அவருக்கு எல்லோருடைய முகமும் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். உடனே திரும்ப மாட்டிக்கொண்டார்.

"எங்கம்மா போனதிலருந்து எதத் தொட்டாலும் இழுபறி மேடம்" என்றார். குரலில் முகாமையாளர் இல்லை. "போன வியாழக்கிழமை இரத்தோட்டையில ஒரு சாத்திரக்காரர்கிட்ட போனேன். யாருக்கும் தெரியக்கூடாதுன்னு குடைய முகத்துக்கு நேரா புடிச்சிக்கிட்டு போனேன். அவர் சொன்னாரு, ராகு காலத்தில ஒரு காரியமும் நீ முன்னால நிண்டு செய்யாத, மூத்தவங்கள முன்னால உக்கார வச்சு, அவங்க நிழல்ல இருன்னு. அப்பா முன்னமே இல்ல. அம்மாவும் இல்ல. வீட்டில இப்ப நான்தான் மூத்தவன். ஆபிசில யோசிச்சுப் பார்த்தேன். இதுதான் மூத்தது."

யாரும் சிரிக்கவில்லை. ஸுஹைல்கூட. வீட்டில் ஒரு கதிரை காலியானதும், அதில் எதையாவது உட்கார வைத்துவிட மனசு படும் பாடு பாலாமணிக்குத் தெரியாததல்ல. ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டுத்தானே ஆக வேண்டும்.

"ரெண்டு வயர் எதுக்கு?"

"ஒரு வயர் குத்தினா ஒரு லைட்தான் எரியுது. ஒத்தக் கண்ணோட மூத்தவர உக்கார வைக்கலாமா?"

சுதர்ஷினி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அந்த ரெண்டாவது வயர்தான் சார் நாசம்! ஒவ்வொரு அறைக்கும் ஒரு பெரிய சுவிட்சிலருந்து ஒண்ணும் மத்ததிலருந்து ஒண்ணுமா நான்தான் பார்த்துப் பார்த்து வயர் இழுத்தேன். ஒண்ணு போனாலும் ஒண்ணு இருக்கட்டும்னு. நீங்க ரெண்டையும் இதுல குத்தினதும் சுத்துப்பாதை ஆயிடுச்சு. எல்லா சுவிட்சும் கூடித் தலைவரத் தேடுச்சு. இதுதான் மூத்தது, இதுவே தலைவர். பெரிய சுவிட்ச் ரெண்டும் தலைவர்கிட்ட நேரா போற வழிய வச்சுக்கிட்டு, அதுங்களுக்கு நடுவில இருந்த பெரிய வீதிய மூடிடுச்சு. ஆயிரம் மடங்கு பெரிய வீதி சார்!"

"ஏ-ஒன்பது வீதிய மூடிட்டு, லொறி, பஸ் எல்லாத்தையும் தேயிலை மலை ஒத்தையடிப் பாதையில ஏத்தின மாதிரி" என்றாள் பாலாமணி.

"அவர நிழலுக்கு உக்கார வெச்சீங்க" என்றான் ஸுஹைல். "அவரு ஆட்சியப் புடிச்சிட்டாரு."

ஹாஜியார் மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, இத குத்தின நேரமெல்லாம் விழுந்திச்சே. ஒங்களுக்கு ஒரு நாளும் சந்தேகம் வரல்லையா?"

"வந்துச்சு ஹாஜியார். ராகு எவ்வளவு உக்கிரமா இருக்காரு, மூத்தவர் மட்டும் உக்காந்திருக்கலன்னா இன்னும் என்னென்ன ஆகியிருக்குமோன்னு பயந்து போயிட்டேன். அதனாலதான் ஞாயித்துக்கிழமையும் வந்தேன்."

"ராகுதான் செய்றாருன்னு நெனச்சீங்க. கடிதம் மட்டும் இந்தப் புள்ளைக்கு."

தர்மேந்திரன் லாச்சியைப் பார்த்தார்.

"ராகுவுக்கு எப்படி ஹாஜியார் கடிதம் குடுக்கிறது?"

ஹாஜியார் தம் அறைக்குப் போனார். பேனாவுக்கு அடியிலிருந்த கடிதத்தை எடுத்து வந்து, தர்மேந்திரனின் கண் முன்னாலேயே நாலாகக் கிழித்தார்.

"இப்ப ஒங்கட கையால வேற கடிதம் டைப் பண்ணுங்க. நாசவேலை ஒண்ணும் நடக்கல்ல, சுவிட்சுகளுக்கு இனி முழுப் பொறுப்பும் இந்த மகள்தான்னு. அவட அனுமதி இல்லாம யாரும், நான்கூட, ஒரு வயரும் குத்த ஏலாதுன்னும் போடுங்க. ஒங்கட விசயத்த பிறகு பேசுவோம். நான் தொழுதுட்டு வாறேன்."

அவர் படியிறங்கியதும் சுதர்ஷினி லாச்சிப் பக்கம் பாய்ந்தாள். பாலாமணி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வயரப் புடுங்காத."

"ஆன்ட்டி, நெட்வொர்க் விழுந்து கெடக்கு!"

"புடுங்கினா இன்னைக்கு எழும்பும். நாளைக்கு வேற யாராவது வேற எதையாவது குத்துவாங்க. அவர் பண்ணினதில பாதி உன் பங்கு. அத இப்பவே சரி பண்ணு. பெரியவர் உக்காந்தபடியே இருக்கட்டும்."

சுதர்ஷினிக்கு முகம் சிவந்தது. தர்மேந்திரன் எழுதிக் கொடுத்த பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டு கீழே போனாள். ஒரு பெரிய சுவிட்சுக்கு மிகச் சின்ன நம்பரைக் கொடுத்தாள். மற்றதற்கு அதற்கடுத்த நம்பர். அறைகளுக்குப் போகும் ஓட்டைகள் ஒவ்வொன்றுக்கும், அந்த வழியாக யார் வந்து தலைவர் என்று சொன்னாலும் ஏற்கக் கூடாது என்று கட்டளை எழுதினாள். ஒன்றரை வருடமாக அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்ட வேலை பதினொரு நிமிடத்தில் முடிந்தது.

பன்னிரண்டு முப்பத்தெட்டுக்கு எல்லாம் எழும்பின. ராகு காலத்தின் நட்டநடுவில். ஸுஹைலின் மச்சான் கலேவெலயிலிருந்து தொலைபேசியில் அழைத்து, கத்தரிக்காயின் சரியான விலை வந்துவிட்டதென்று வருத்தப்பட்டார். லாச்சிக்குள் மூத்தவர் பதவி பறிபோனது தெரியாமல் இரண்டு கண்ணையும் சிமிட்டிக்கொண்டிருந்தார்.

ஹாஜியார் திரும்பி வந்தபோது மணி ஒன்று பத்து. தர்மேந்திரன் டைப் செய்த கடிதம் மேசையில் இருந்தது. ஹாஜியார் இரண்டு தரம் வாசித்தார். ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தச் சொன்னார். திருத்தி வந்தது. அழகமுத்து எல்லோருக்கும் பிளேன்டி கொண்டுவந்து வைத்தார். ஹாஜியார் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"ஹாஜியார்" என்றாள் சுதர்ஷினி.

"என்ன மகள்?"

அவள் தரையைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்று பதினாறு.

"எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கெடையாது. நான் எஞ்சினியர். ஆனா இன்னும் ஒரு கால் மணி நேரம்தானே... ஒன்றரைக்கு அப்புறம் வைங்களேன்."

ஸுஹைல் வாயைத் திறந்தான். பாலாமணி அவன் காலை மிதித்தாள்.

ஹாஜியார் பேனாவை மூடினார். தர்மேந்திரன் ஜன்னல் பக்கம் திரும்பி, ஆறு நாளில் முதல் தடவையாகத் தம் கண்ணாடியை அழுத்தித் துடைத்தார். பிறகு எல்லோரும் கதிரைகளை இழுத்துப் போட்டுக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி பிளேன்டி குடித்தார்கள்.

ஒன்று முப்பத்தொன்றுக்கு ஹாஜியார் கையெழுத்து வைத்தார்.